பாட்டியின் கைக்கோலத்தையே குத்துங்கள்

மறைந்த பாட்டியின் நினைவாக அவர் முகத்தைப் பச்சை குத்துவதா, பெயரைக் குத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் முன்கையில் பச்சைக் கோலம் இருந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதையே குத்துங்கள்.

தோலுக்கடியில் மை வருடக்கணக்கில் மெல்லப் பரவும். முகத்தின் நுண்ணிய நிழல்கள் மங்கி ஆளே மாறிப்போகும். பெயரைப் பொடியாக எழுதினால் ண, ஞ சுழிகள் அடைபட்டுவிடும். புள்ளியும் கோடும் தாங்கும். என் அம்மாச்சி கையில் குறத்தி குத்திய கோலம், தோல் சுருங்கிய பிறகும் தெளிவாகத் தெரிந்தது. தூக்கம் வரும்வரை அதன்மேல் விரல் ஓட்டிக்கொண்டே படுத்திருப்பேன்.

பழைய போட்டோவில் கை தெரிகிறதா பாருங்கள். இல்லையென்றால் அத்தை, சித்தியிடம் வரைந்து வாங்குங்கள். அப்புறம் ஒரு மாதம் பேனாவால் கையில் வரைந்து பாருங்கள். புள்ளிகளை நெருக்காமல் இடம் விட்டுக் குத்தச் சொல்லுங்கள்.