மின்னணு மேசை: லோடு போட்டுப் பார்த்தீர்களா?

ஐயா, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 12 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007 டையோடு, 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர், ஒரு 7812 (வோல்டேஜை 12-ல் நிறுத்தும் ரெகுலேட்டர் ஐசி) வைத்து பவர் சப்ளை செய்தேன். மீட்டரில் கச்சிதமாக 12 வோல்ட் காட்டுகிறது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் போர்டை மாட்டினால் ஸ்பீக்கர் உர்ரென்று இரைகிறது. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். 7812 போலியா?
— ஒரு மாணவர், திண்டுக்கல்

தம்பி, 7812 மேல் பழி போடாதீர்கள். மீட்டர் காட்டிய அந்த 12 வோல்ட்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். வேலையே கொடுக்காமல், அதாவது லோடு போடாமல், ஒரு பவர் சப்ளையைச் சோதித்தால் எதுவும் தெரியாது. முப்பது வருடம் லேபில் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17. நான்கு டையோடு சேர்ந்த பிரிட்ஜில், ஒரு நேரத்தில் இரண்டு டையோடு தின்பது போக, கண்டென்சரில் 15 வோல்ட் சொச்சம் ஏறும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பிரிட்ஜுக்குப் பிறகு நொடிக்கு 100 முறை கண்டென்சர் நிரம்பும். ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் நடுவே உள்ள 10 மில்லிசெகண்டில் போர்டு கேட்கும் கரண்டைக் கண்டென்சர்தான் கொடுத்தாக வேண்டும். 0.8 ஆம்பியர் இழுத்தால் 1000 மைக்ரோஃபாரடில் ஆறேழு வோல்ட் சரிந்துவிடும். அதாவது 15-லிருந்து ஒன்பதுக்குப் பக்கத்தில். 7812-க்கு உள்ளே 14 வோல்ட்டாவது வந்தால்தான் வெளியே 12 தர முடியும். நொடிக்கு நூறு முறை அது பட்டினி கிடக்கிறது. அந்தப் பட்டினிதான் ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்கிறது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 1 ஆம்பியர் டிசி கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. கண்டென்சர் சீராக இழுக்காமல், இடைவெளி விட்டு விட்டு ஒரே மூச்சில் இழுப்பதால் டிரான்ஸ்ஃபார்மர் அதிகம் சூடாகும். தொடர்ந்து எடுக்க 0.6 ஆம்பியர்தான் நியாயம்.

எனவே 15 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். கண்டென்சர் 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட். சரிவு இரண்டு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 25 வோல்ட் கண்டென்சர் வேண்டாம். லோடு இல்லாமல், லைனும் 250-ஐத் தொட்டால், அது தாங்காது. 7812-க்கு உள்ளங்கை அகல அலுமினியத் தகடு அவசியம், ஐந்து வாட் சூடு வெளியேற வேண்டுமே.

அப்புறம் சோதனை. டூ வீலர் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 10 வாட் குண்டு பல்பு மெக்கானிக் கடையில் கிடைக்கும். அது கிட்டத்தட்ட 0.8 ஆம்பியர் இழுக்கும். அதை அவுட்புட்டில் மாட்டி, பதினைந்து நிமிடம் எரிய விட்டு, ரெகுலேட்டரின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் அளந்து எழுதி வையுங்கள். பல்பு எரியும்போதும் 12 வோல்ட் நின்றால்தான் போர்டை மாட்டலாம்.

முதல் முறை 230 வோல்ட் கொடுக்கும்போது தயவுசெய்து சீரிஸ் பல்பு போடுங்கள், அதாவது மின்சாரம் ஒரு பல்பு வழியாகவே உங்கள் சர்க்யூட்டுக்குப் போகட்டும். ஒரு பலகையில் ஹோல்டர், 60 வாட் குண்டு பல்பு (எல்இடி கூடாது), ஒரு சாக்கெட், அவ்வளவுதான். ஸ்விட்ச் போட்டதும் பல்பு மினுக்கென்று ஒளிர்ந்து மங்கினால் கண்டென்சர் நிரம்பிவிட்டது, நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள், உள்ளே ஷார்ட். ஆனால் இது சர்க்யூட்டைக் காப்பாற்றுமே தவிர ஷாக்கிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்க (பிரைமரி) இணைப்புகளில் ஸ்லீவ் (இன்சுலேஷன் குழாய்) போட்டு மூடிவிடுங்கள்.

கண்டென்சரில் பட்டையடித்த பக்கம் நெகட்டிவ். என் மாணவர் ஒருவர் அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டே ஸ்விட்சைத் தட்டினார். சில நொடிகளில் டப்பென்று வெடித்து, மூடி கூரையில் போய் அடித்தது. அறை முழுக்கக் கருகிய காகித நெடி. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முகத்தை விலக்கி வைத்து ஸ்விட்ச் போடுங்கள், தம்பி.

பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ஒன்று சும்மா கிடக்கிறது. அதை டேபிள் பவர் சப்ளையாகப் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகி, சேலம்

தாராளமாக, அம்மா. பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஃபேன் சுற்றத் தொடங்கும். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. ஆனால் பத்து ஆம்பியருக்கு மேலும் தயங்காமல் தரும். தவறி ஷார்ட் ஆனால் மெல்லிய ஒயர் சிவந்து உருகிவிடும். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டபிறகே தொடுங்கள். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே கண்டென்சரில் 320 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் இருக்கும்.

எல்எம்317 (வோல்டேஜை மாற்றக்கூடிய ரெகுலேட்டர் ஐசி) வைத்து, 5 கிலோ ஓம் பாட் (திருகினால் மாறும் ரெசிஸ்டர்) போட்டு வோல்டேஜ் கூட்டிக் குறைக்கும் சப்ளை செய்தேன். 5 வோல்ட்டில் வைத்திருந்தேன், பாட்டைத் தொட்டதும் எகிறி, மாட்டியிருந்த ஆர்டுயினோ போர்டு போய்விட்டது. ஏன்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பாட்டின் உள்ளே ஊர்கிற முனை ஒரு கணம் தொடர்பு விட்டிருக்கிறது. அட்ஜஸ்ட் கால் அந்தரத்தில் நின்றால் 317 உள்ளே வருவதை ஏறக்குறைய அப்படியே வெளியே தள்ளிவிடும். பாட்டின் நடுக்காலை, சும்மா விட்டிருக்கும் ஓரக்காலோடு சாலிடர் செய்துவிடுங்கள். அப்போது தொடர்பு விட்டாலும் கால் அந்தரத்தில் நிற்காது, வோல்டேஜ் பாட்டின் உச்ச அளவோடு நிற்கும். ஆனால் அந்த உச்சமே அதிகம்: 317-க்கு வழக்கமாகப் போடும் 240 ஓம் ரெசிஸ்டரோடு 5 கிலோ ஓம் போட்டால் கணக்குப்படி 27 வோல்ட் வரை போகும். உங்கள் தேவை 12-க்குள் என்றால் 2 கிலோ ஓம் பாட் போதும். அப்போது உச்சமே 11.7 வோல்ட்தான். ஆர்டுயினோவுக்கு மட்டும் என்றால் பாட்டே வேண்டாம், 5 வோல்ட் மட்டும் தரும் ஒரு 7805 போட்டு, இண்டிகேட்டர் பல்பை ஐந்து நிமிடம் எரிய விட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். 5 வோல்ட்டில் அந்தப் பல்பு மங்கலாகத்தான் எரியும், அது சரிதான்.