பழைய ஹார்ன்பி தகர வேகன்கள்: எதைத் தொடலாம், எதை விட்டுவிட வேண்டும்?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். பழம்பொருள் சந்தை ஒன்றில் ஓ கேஜ் (தண்டவாள இடைவெளியைக் குறிக்கும் ஓர் அளவு) ஹார்ன்பி பொம்மை ரயிலின் தகர வேகன்கள் நான்கு ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைத்தன: எல்எம்எஸ் (லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே) எழுத்துள்ள சாம்பல் நிறத் திறந்த வேகன் ஒன்று, கார்ஸ் பிஸ்கட் பெயருள்ள நீலக் கூண்டு வேகன் ஒன்று, சிவப்பு நிற ஷெல் பெட்ரோல் டாங்கி ஒன்று, ஹார்ன்பியின் ‘எம்’ என்ற வரிசையைச் சேர்ந்த, அச்சிட்ட சிறிய வேகன் ஒன்று. எல்லாவற்றிலும் அழுக்கும் துருவும் இருக்கின்றன. கூண்டு வேகனின் சக்கரங்கள் வெடித்து உதிர்கின்றன. இவற்றைச் சுரண்டிப் புது வண்ணம் பூசலாமா? சக்கரங்களை மாற்றி ஓட்ட முடியுமா? இவற்றோடு சேர்ந்து ஓட ஒரு வேகனை நானே செய்யவும் ஆசை.

பதில்: வண்ணம் பூசும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1920-இல் இந்தப் பொம்மை ரயில்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்று பூசிய வண்ணம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதுதான் அந்த வேகனின் அடையாளம். ஒருமுறை சுரண்டிவிட்டால் அதை யாராலும் திரும்பக் கொடுக்க முடியாது. ஆகவே முதலில் திரும்பப் பெறக்கூடிய வேலைகளை மட்டும் செய்யுங்கள்.

சுத்தம் செய்யுமுன் ஒவ்வொரு வேகனும் வண்ணம் பூசியதா, அச்சிட்டதா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பூசிய வேகனில் வண்ணம் தடிமனாக உள்ளும் புறமும் பரவி, தகரத்தின் மடிப்புகளையும் வெட்டு விளிம்புகளையும் மூடியிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எழுத்துகளைச் சுற்றி ஒட்டுப்படத்தின் மெல்லிய ஓரம் தெரியும். அச்சிட்ட வேகனில் பலகைக் கோடுகளும் ஆணித் தலைகளும்கூட மைதான்; விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. தகடு தட்டையாக இருக்கும்போதே அச்சிட்டுப் பிறகுதான் வெட்டினார்கள் என்பதால், அதன் வெட்டு விளிம்பில் வெற்று உலோகம் மின்னும். உங்கள் எம் வரிசை வேகன் இந்த வகை. மற்ற மூன்றும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவையாக இருந்தால் பூசியவையாகவே இருக்கும்.

உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு கலந்து, பஞ்சுக் குச்சியை அதில் நனைத்துப் பிழிந்த பிறகு, வேகனின் அடிப்பக்கத்தில் கண்ணில் படாத ஓர் இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வந்தால் அது புகையும் அழுக்கும், தொடரலாம். வேகனின் நிறமே வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வேகனைத் தண்ணீரில் முக்கவே கூடாது. மடிப்புகளுக்குள் புகும் நீர் வெளியே வராமல் உள்ளிருந்தே துருவை வளர்க்கும். ஒரு சதுர அங்குலம் துடைத்ததும் உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு அடுத்த அங்குலத்துக்குச் செல்லுங்கள்.

ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றை அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிய புதிதில் ஒரு பிஸ்கட் வேகனை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். முதல் இழுப்பில் பஞ்சு மஞ்சளானது. அழுக்கு போகிறது என்று மகிழ்ந்தேன். உண்மையில் போய்க்கொண்டிருந்தது ஒட்டுப்படத்தின் மேல் இருந்த வார்னிஷ். இரண்டாவது இழுப்பில் ஓர் எழுத்தின் பாதி பஞ்சோடு வந்துவிட்டது. அந்த வேகன் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, பாதி எழுத்தோடு.

துருவுக்கு உப்புத்தாள் வேண்டாம். தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெயை ஊசி முனையால் துருவின்மேல் மட்டும் வைத்து இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் மெதுவாக நெருடினால் தளர்ந்த துரு வந்துவிடும். அடியில் நிற்கும் கருத்த கறை அப்படியே இருக்கட்டும். கடைசியாக, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லிதாகத் தடவி, மெல்லிய துணியால் தேய்த்து விடுங்கள். வெற்றுத் தகரம் தெரியும் இடங்கள் கண்ணை உறுத்தினால், மெழுகுக்கு மேல் நீரில் கரையும் வண்ணத்தால் அந்தப் புள்ளிகளை மட்டும் தொட்டு நிரப்பலாம். பின்னால் வருபவர் விரும்பினால் துடைத்துவிடுவார். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதனால் உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாமல் இருப்பதும், வேலை முடிந்ததும் கையைக் கழுவுவதும், குழந்தைகளின் வாய்க்கு எட்டாமல் வைப்பதும் அவசியம்.

முழுவதுமாக வண்ணம் பூசுவதை நான் ஒப்புக்கொள்வது இரண்டு நிலைகளில் மட்டுமே: வேறு யாரோ ஏற்கெனவே வீட்டுப் பெயின்டால் மெழுகித் தள்ளியிருந்தால், அல்லது துரு தின்றது போக அசல் வண்ணமே மிஞ்சாதிருந்தால். அப்போதும் அடிப்பக்கத்தில் ஆண்டைக் குறிப்பிட்டு ‘மறுபூச்சு’ என்று எழுதி வையுங்கள். விளம்பரப் பெயர் தாங்கிய கூண்டு வேகன்களில் சில, குறிப்பாகக் கோல்மன்ஸ் கடுகு வேகன், மிக அரியவை. ஆகவே புதிதாக ஒட்டுப்படம் ஒட்டிய சாதாரண வேகன்கள் அசல் என்ற பெயரில் கைமாறுவதும் உண்டு. உங்கள் கார்ஸ் வேகன் அந்த அளவுக்கு அரியதன்று. ஆனாலும் அதன் எழுத்துகள் இருக்கும் பக்கங்களைக் கடைசியாகத் தொடுங்கள்.

இனிச் சக்கரம். உதிர்வது உங்கள் தவறும் அன்று, முந்தைய உரிமையாளரின் தவறும் அன்று. 1930-களில் தகரச் சக்கரங்களுக்குப் பதில் துத்தநாகக் கலவையில் வார்த்த சக்கரங்கள் வந்தன. மசாக் எனப்படும் அந்தக் கலவையில் துத்தநாகத்தோடு ஏறத்தாழ நான்கு சதவீதம் அலுமினியம் இருக்கும். அதில் ஈயம் மிகச் சொற்ப அளவில் கலந்துவிட்டாலும், காற்றின் ஈரம் உலோகத் துகள்களுக்கு இடையே புகுந்து அரிக்கத் தொடங்கும். வார்ப்பு உப்பும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் போல உடையும். இதற்கு மருந்து கிடையாது. பசையோ வார்னிஷோ பூசி நிறுத்திவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. ஒரு வேகனிலிருந்து அடுத்ததற்குத் தொற்றிக்கொள்ளும் என்ற பயமும் தேவையில்லை. நோய் அந்தந்த வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது.

நல்லவேளையாக, தகர வேகனில் சக்கரம் மாற்றுவது எளிது. இருசை (இரு சக்கரங்களை இணைக்கும் அச்சை) தாங்கும் இரு பக்கத் தகரமும் சற்றே விரிந்து கொடுக்கும். கட்டைவிரலால் ஒரு பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தள்ளினால் இருசின் முனை துளையிலிருந்து விடுபடும். உப்பிய சக்கரம் இருசை இறுகப் பற்றியிருந்தால் இழுத்துப் போராடாதீர்கள். பழந்துணியால் மூடிக் குறடால் நெரித்தால் அது தானே நொறுங்கி இருசை விட்டுவிடும். உடலைத் தளத்தோடு பிணைக்கும் தகர நாக்குகளை மட்டும் வீணாக நிமிர்த்த வேண்டாம். எண்பது ஆண்டு பழகிய நாக்கு ஒருமுறை நிமிரும், ஒருமுறை மடங்கும். மூன்றாம் முறை முறிந்துவிடும்.

மாற்றுச் சக்கரம் வாங்குமுன் நீங்கள் எந்தத் தண்டவாளத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பழையதும் புதியதுமாக ஓ கேஜ் எல்லாவற்றுக்கும் தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர்தான். வேறுபடுவது சக்கரத்தின் விளிம்பு. இன்றைய நுண் அளவுச் சக்கரங்களின் உட்புற இடைவெளி 29 மில்லிமீட்டர். தடித்த விளிம்புள்ள பழைய சக்கரங்களில் இது குறைவு. அதனால் பழைய சக்கரம் புதிய கிளைப்பாதையில் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில்) ஏறித் தடம் புரளும். புதிய சக்கரம் பழைய கிளைப்பாதையின் அகன்ற இடைவெளியில் விழும். சாவி கொடுத்து ஓடும் எஞ்சினோ மூன்று தண்டவாள மின்பாதையோ உங்களிடம் இருந்தால், பழைய வடிவில் இன்று தயாராகும் உலோகச் சக்கரங்களையே போடுங்கள். இரண்டு தண்டவாள மின்பாதை என்றால் மின்காப்புள்ள சக்கரம் கட்டாயம். இல்லாவிட்டால் வேகனை வைத்த மறுகணம் மின்சுற்று குறுகிப் பாதை நின்றுவிடும். உதிர்ந்த துண்டுகளைத் தவிர, கழற்றிய எதையும் எறியாமல் ஓர் உறையில் போட்டு வேகனின் பெயரை எழுதி வையுங்கள்.

நீங்களே செய்ய விரும்பும் வேகனுக்கு நான் பரிந்துரைப்பது பிரிட்டிஷ் ரயில் நிறுவனங்களின் பொது அமைப்பான ரயில்வே கிளியரிங் ஹவுஸின் 1923-ஆம் ஆண்டு வடிவமைப்பில் அமைந்த ஏழு பலகை நிலக்கரி வேகன். பெட்டி போன்ற எளிய வடிவம், வளைவுகள் இல்லை. நிஜ வேகனில் தளத்தின் நீளம் 16 அடி 6 அங்குலம், இருசுகளுக்கு இடையே 9 அடி. ஓ அளவில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பதால் நீளம் 115.5 மில்லிமீட்டரும் இருசு இடைவெளி 63 மில்லிமீட்டரும் ஆகும். ஹார்ன்பி இந்த அளவுகளைக் கறாராகப் பின்பற்றியதில்லை. அதனால் சரியான அளவில் செய்தது பழையவற்றின் பக்கத்தில் சற்று அந்நியமாகத் தெரியும். உறுத்தினால் உங்கள் எல்எம்எஸ் வேகனையே அளந்து அதன்படி வெட்டுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

தகடு தேடி அலைய வேண்டாம். சமையல் எண்ணெய் வரும் தகர டின்னின் பக்கத்தை வெட்டி விரித்தால் போதும். முதலில் தடித்த அட்டையில் வெட்டி மடித்துப் பார்த்து, அது சரியாக அமர்ந்த பிறகே தகரத்தில் கோடு கீறுங்கள். இரண்டு இரும்புக் கோணச் சட்டங்களுக்கு இடையே தகட்டை இறுக்கி, மரத்துண்டை வைத்துத் தட்டினால் மடிப்பு கூராக வரும். குறடால் மடித்தால் பல் பல்லாக நெளியும். வெள்ளீயம் பூசிய தகடு ஈயப்பற்றை விரும்பி ஏற்கும், எனவே மூலைகளை உள்பக்கமிருந்து பற்றவைப்பது கடினமல்ல. பற்றவைக்கப் பூசிய அமிலத்தை அன்றே வெந்நீரில் கழுவி உலர்த்துங்கள். மறந்தால் ஒரே வாரத்தில் வண்ணத்துக்கு அடியில் துரு கிளம்பிவிடும்.