அமெரிக்காவில் பலர் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது ஏன்? காசு மிச்சமாகுமா?

மிச்சமாகும், ஆனால் பெரும்பாலும் கையில் நிற்காது; மலிவாகக் கிடைக்கிறதே என்று கூடுதலாகச் சுட்டுத் தீர்த்துவிடுவார்கள்.

தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு. சுட்டதும் மிஞ்சுவது கூடு மட்டும்தான். விலை அதிகமானதும் பொதுவாக அதுவே. அதைப் பழைய அளவுக்கு அழுத்தி, புது பிரைமர் பொருத்தி மறுபடி நிரப்பலாம். ரைஃபிள் கூடு சுடச் சுட நீளும், அதனால் அவ்வப்போது கழுத்தை வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

உண்மையான லாபம் துல்லியத்தில். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒரு ராசி உண்டு. எந்தக் குண்டும் எவ்வளவு மருந்தும் அதற்கு ஒத்துப்போகும் என்று சோதித்துப் பிடிக்கலாம். மருந்தை கிரெயினில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்தான்.

ஆபத்தும் மருந்தை அளப்பதில்தான். சில கைத்துப்பாக்கி மருந்துகள் கூட்டில் பாதிகூட நிறைக்காது. கவனம் சிதறி இருமுறை கொட்டினாலும் வழியாது; சுடும்போது துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். மருந்தே விழாவிட்டால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். சத்தம் 'பொக்'கென்று வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதானால்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.