செயற்கை நுண்ணறிவை ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கு அரசு உதவ வேண்டுமா? வன்னியில் தொழில் செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள்

கட்டாயம் உதவ வேண்டும். ஆனால் நான் கேட்பது மானியத்தை விடவும் முந்திய ஓர் உதவி. எங்கள் முதல் வாடிக்கையாளராக எங்கள் அரசே வர வேண்டும்.

கிளிநொச்சியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறோம். மூவர் அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்தவர்கள். தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்தான் எங்கள் வேலை. பெரிய வெளிநாட்டு நிறுவனங்களிடம் இது ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது; ஆனால் எங்கள் அம்மம்மா பேசினால் அது தடுமாறுகிறது. ‘விளங்கேல்லை’, ‘கதைக்கினம்’ போன்ற சொற்களை வேறு ஏதோவாக எழுதிவிடுகிறது. ஒட்டுசுட்டான் என்ற ஊர்ப்பெயரை இரண்டு சொல்லாகப் பிளந்துவிடுகிறது. முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் வீடு வீடாகச் சென்று, சம்மதம் கேட்டு, குரல்களைப் பதிவுசெய்து இந்தக் குறையை ஓரளவு தீர்த்தோம்.

கனடாவில் மருத்துவமனைகளுக்கு மொழிபெயர்ப்புச் சேவை வழங்கும் ஒரு நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. பிடித்திருந்தது. விலையும் பேசிவிட்டோம். கடைசியில் ஒரு கேள்வி வந்தது: “உங்கள் நாட்டில் எந்த அரச நிறுவனம் இதைப் பயன்படுத்துகிறது?” எந்த நிறுவனமும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. பேச்சு அத்துடன் நின்றுபோனது.

அமெரிக்கா என்ன செய்கிறது என்று பாருங்கள். 2025 ஜூலை 23 அன்று ஜனாதிபதி டிரம்ப், செயற்கை நுண்ணறிவு ஏற்றுமதிக்கான ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். கணினிச் சில்லுகள், தரவு நிலையங்கள், மாதிரிகள் (தரவைக் கொண்டு பயிற்றுவிக்கப்படும் மென்பொருள்கள்), பாதுகாப்பு, பயன்பாட்டு மென்பொருள் என்று எல்லாவற்றையும் ஒரே பொதியாக்கி நிறுவனங்கள் கூட்டாக முன்மொழிய வேண்டும். வர்த்தகத் திணைக்களம் தெரிவுசெய்யும் பொதிகளுக்குக் கடனும் உத்தரவாதமும் கிடைக்க அரச நிதி நிறுவனங்கள் துணைநிற்கும். போட்டி நாடுகளின் தொழில்நுட்பத்தில் உலகம் தங்கியிருப்பதைக் குறைப்பதே நோக்கம் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்தியா 2024 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுக்கென்று பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, அதில் ஒரு பகுதியைக் கொண்டு புதிய நிறுவனங்களுக்குக் கணினி வசதியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறது.

அந்த அளவுப் பணத்தை இலங்கையிடம் கேட்பது நியாயமில்லை. சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு இருந்த வரிவிலக்கு நீங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் 15 வீத வரி வந்துவிட்டது. அதைக் கட்டுவதில் எனக்கு மனக்குறை இல்லை. நாடு வங்குரோத்தாகிப் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களை நான் மறக்கவில்லை. என்னை வருத்துவது வேறு. மாதிரியைப் பயிற்றுவிக்க வாடகைக் கணினிக்கு டொலரில் முன்பணம் கட்டுகிறோம். வாடிக்கையாளர் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தருகிறார். அந்த இடைவெளிக்குக் கடன் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். சுங்கம் முத்திரையிட்ட ஏற்றுமதிப் பத்திரம் கேட்டார்கள். எங்கள் சரக்கு கொழும்புத் துறைமுகத்தைப் பார்ப்பதே இல்லை என்று விளக்கிவிட்டு, ஏ9 வீதியால் பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பினேன். சேவை ஒப்பந்தத்தையும் விலைப்பட்டியலையும் பிணையாக ஏற்கும் ஒரு கடன் திட்டம் வந்தால், எங்களைப் போன்ற பலர் மூச்சு விடுவோம்.

அதற்கும் முன்னால் செய்யக்கூடியது, நான் தொடக்கத்தில் சொன்னதுதான். கமக்காரர் பயிர் நோய்க்கு ஆலோசனை கேட்கும் 1920, நோயாளிகள் அம்புலன்ஸுக்கு அழைக்கும் 1990 ஆகிய இரண்டு இலக்கங்களுக்கும் தமிழில் அழைப்புகள் போகின்றன. அவற்றில் ஒன்றில், ஒரே ஒரு மாவட்டத்தில், ஆறு மாதத்துக்கு உள்ளூர் மென்பொருளைக் கட்டணம் கொடுத்துப் பரீட்சிக்கட்டும். எங்களுடையதுதான் வேண்டும் என்றில்லை. வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்தது நன்றாக இருந்தால் அதையே எடுக்கட்டும். பிழைகளை எண்ணி, முடிவைப் பகிரங்கமாக வெளியிடட்டும். அந்த அறிக்கை கையில் இருந்தால், கனடாவிலிருந்து அதே கேள்வி மறுபடி வரும்போது நான் பதில் அனுப்புவேன்.