ஸ்டாக் எல்லையை எங்கே சோதிப்பது?

கேள்வி: கார்டெக்ஸ்-எம்33 பிராசஸருக்கு ஒரு எமுலேட்டர் (அதைப் போலவே நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர்) எழுதுகிறேன். ஸ்டாக் எல்லைச் சோதனையை (ஸ்டாக் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது) மெமரியில் எழுதும் ஃபங்ஷனுக்குள் வைத்திருக்கிறேன், எல்லைக்குக் கீழே எழுதினால் ஃபால்ட். ஆனால் நிஜ போர்டில் ஓடும் புரோகிராம் இதில் விழுகிறது, அங்கே விழுவது இங்கே ஜோராக ஓடுகிறது. ஏன்?

பதில்: சோதனையை வைத்த இடம்தான் தப்பு. ஆர்ம்வி8-எம் (இந்தச் சிப்பின் கட்டமைப்பு) கவனிப்பது எஸ்பி, அதாவது ஸ்டாக் பாயின்டர் மாறுவதை, மெமரியில் எழுதுவதை அல்ல. ஒரு ஃபங்ஷன் தன் லோக்கல் அர்ரேவுக்காக எஸ்பியிலிருந்து 1024 கழிக்கிறது என்று வையுங்கள். இன்னும் ஒரு பைட்கூட எழுதவில்லை, ஆனாலும் புது எஸ்பி எல்லைக்குக் கீழே போவதாக இருந்தால் சிப் அந்தக் கழித்தலிலேயே ஃபால்ட் கொடுத்துவிடும். உங்களுடையது கண்டுகொள்ளாது. அதே சமயம் ஆர்1 என்ற சாதாரண ரிஜிஸ்டர் வழியாக, எல்லைக்குக் கீழே இருக்கும் வேறொரு டாஸ்க்கின் மெமரியில் எழுதுவது முழுக்க நியாயமான காரியம். அதைப் போய்ப் பிடிக்கிறீர்கள்.

சரி, எப்படி மாற்றுவது? புஷ், எஸ்பியில் கூட்டல் கழித்தல், எஸ்பிக்கு ரைட்பேக் உள்ள (எஸ்பியையும் மாற்றிவிடும்) லோட், ஸ்டோர் எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷன் வழியாக விடுங்கள். புது மதிப்பு எல்லையைவிடக் குறைவென்றால் (சமமாக இருந்தால் பரவாயில்லை) எஸ்பியைத் தொடாமல் யூசேஜ்ஃபால்ட், கூடவே சிஎஃப்எஸ்ஆரில் (ஃபால்ட்டின் காரணத்தைச் சொல்லும் ரிஜிஸ்டர்) எஸ்டிகேஓஎஃப் (ஸ்டாக் வழிந்தது) பிட், அதாவது பிட் 20. முதலில் சோதனை, அப்புறம்தான் மெமரி. புஷ்ஷில் பாதி ரிஜிஸ்டர்களை எழுதிவிட்டுச் சோதித்தால் எதைக் காப்பாற்ற வந்தோமோ அது ஏற்கெனவே அழிந்திருக்கும்.

பலர் கோட்டை விடுவது இன்டரப்ட் நுழையும் இடத்தில். அங்கே இன்ஸ்ட்ரக்‌ஷனே கிடையாது. பிராசஸர் தானாகக் குறைந்தது 32 பைட்டை ஸ்டாக்கில் தள்ளுகிறது, எஃப்பியு (தசம எண் கணக்கு யூனிட்) பயன்பாட்டில் இருந்தால் இன்னும் அதிகம். இடம் போதவில்லை என்றால் இங்கே மட்டும் எஸ்பி பழைய மதிப்பில் நிற்காது, எல்லை மதிப்புக்கே போய்விடும். ஃபால்ட் அப்போதும் எஸ்டிகேஓஎஃப்தான். எந்த ஸ்டாக்கோ அதன் எல்லை: தள்ளுவது பிஎஸ்பியில் (பொதுவாக டாஸ்க்குகளின் ஸ்டாக் பாயின்டர்) என்றால் பிஎஸ்பிலிம், எம்எஸ்பியில் (ஹேண்ட்லர்கள், அதாவது இன்டரப்ட்டைக் கவனிக்கும் ஃபங்ஷன்கள் பயன்படுத்துவது) என்றால் எம்எஸ்பிலிம். ஹேண்ட்லருக்குள் நுழைந்த பிறகு நடப்பு ஸ்டாக்கைப் பார்த்துச் சோதித்தால் தவறான எல்லையோடு ஒப்பிடுவீர்கள்.

சோதனையை இயக்க, நிறுத்தத் தனிக் கொடி வேண்டாம், ரீசெட்டில் எல்லை 0, அதற்குக் கீழே எதுவும் போகாது. எல்லை ரிஜிஸ்டரின் கடைசி 3 பிட்களை எப்போதும் 0 ஆக்கிவிடுங்கள். சிசிஆர் என்ற கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரில் எஸ்டிகேஓஎஃப்எச்எஃப்என்எம்ஐஜிஎன் என்று வாயில் நுழையாத பெயரோடு ஒரு பிட் இருக்கிறது, அது 1 என்றால் ஹார்ட்ஃபால்ட், என்எம்ஐ (உயர் முன்னுரிமை ஹேண்ட்லர்கள்) ஓடும்போது சோதனையே கிடையாது. இதைக் கடைசியில் சேர்த்தாலும் போதும்.