ரஷ்யாவின் 1646 கணக்கேட்டில் கொஸ்லோவ் மாவட்டத்துக் குடியானவர்கள் எங்கே?

ஏட்டில் குடியானவர்கள் அதிகம் தென்படவில்லை என்பதால் ஊர் காலியாக இருந்தது என்று பொருளில்லை. 1646 ஏட்டில் முக்கியமாக வரி கட்டும் வீடுகளின் ஆண்களைத்தான் எழுதினார்கள். கொஸ்லோவில் நிலத்தை உழுதவர்களில் பெரும்பாலோர் படைச் சேவைப் பட்டியலில் இருந்தார்கள். அதனால்தான் நீங்கள் தேடும் ஆட்கள் அதில் கிடைக்கவில்லை.

காரணம் ரஷ்யாவின் தெற்கு எல்லைப்புறத்தின் அமைப்பு. 1635-இல் கொஸ்லோவ் கோட்டை எழுந்ததும், தாத்தாரியர் படையெடுப்பைத் தடுக்க ஆள் தேவைப்பட்டது. வந்தவர்களுக்கு நிலம் கொடுத்து கொசாக்குகளாகவும் (எல்லைக் காவல் வீரர்கள்) துப்பாக்கி வீரர்களாகவும் சேர்த்தார்கள். பண்ணையாரிடமிருந்து ஓடிவந்த குடியானவர்களும் அதில் கலந்துவிட்டார்கள். பண்ணையாட்கள் இல்லாததால் வீரரே ஏர் பிடித்தார். முறை வரும்போது காவலுக்கும் போனார். வாழ்க்கையைப் பார்த்தால் இவர்களும் குடியானவர்களே, ஏட்டில் மட்டும் வேறு பெயர்.

சரிபார்க்க, படைத்துறையான ரஸ்ரியாத் அலுவலகத்தின் ஆள்கணக்குகளைப் பாருங்கள். அவை மாஸ்கோவின் பண்டைய ஆவணக் காப்பகத்தில் 210-ஆம் தொகுப்பில் இருக்கின்றன. உங்களிடம் உள்ள கிராமப் பெயர்களை அவற்றோடு ஒப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 1646 ஏட்டையும் படைப் பட்டியலையும் கூட்டி மக்கள்தொகை என்று எழுதிவிடாதீர்கள். பெண்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. அப்புறம், ஓடிவந்தவர்களைத் திரும்பப் பிடிக்க இருந்த காலவரம்பை 1649 சட்டத்தொகுப்பு நீக்கிவிட்டது. அதற்குப் பிந்தைய ஏடுகளில் ஒருவர் சொன்ன சொந்த ஊரை அப்படியே நம்ப வேண்டாம். பூர்வீகத்தை மறைக்க அவருக்குத் தக்க காரணம் இருந்தது.