பவளத்திட்டுக்கு அருகே பொதுப் படகுத்துறை: கால்வாய் தோண்டும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: எங்கள் உள்ளாட்சி மன்றம் பொதுமக்களுக்காக ஒரு படகுத்துறை கட்ட நினைக்கிறது. டிரெய்லரில் வரும் படகுகளை இறக்கச் சறுக்குதளம், 20 சிறு படகுகளுக்கு ஜெட்டி, எரிபொருள் நிரப்பும் இடம் ஆகியவை திட்டத்தில் உள்ளன. கரையிலிருந்து 900 மீட்டரில் பாதுகாக்கப்பட்ட பவளத்திட்டு இருக்கிறது. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் கால்வாய் தோண்ட வேண்டும், வண்டல் திரை கட்டினால் திட்டுக்கு ஆபத்தில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். திரை மட்டும் போதுமா?

பதில்: போதாது. தோண்டும்போது கிளம்பும் சேறு பரவாமல் நீரில் தொங்கவிடும் துணித்தடுப்பான வண்டல் திரை, வேலை நடக்கும் சில வாரங்களுக்கு மட்டுமே. கால்வாயோ அலையும் நீரோட்டமும் கொண்டுவரும் மணலால் திரும்பத் திரும்பத் தூர்ந்துபோகும். இன்று ஒருமுறை தோண்ட அனுமதி கேட்கும்போதே, துறை இருக்கும் காலம் முழுக்கத் தூர்வார அனுமதி கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலில் சமைத்துத் தருவதுதான் அதன் முக்கிய உணவு. நீர் கலங்கினால் அந்த அடுப்பு அணைகிறது. மேலே மண் படிந்தால் பவளம் கோழையைச் சுரந்து வழித்துத் தள்ளும். எப்போதாவது என்றால் தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் மண் விழுந்தால், உணவு குறைந்த நேரத்தில்தான் கோழைக்கும் அதிக சக்தி போகிறது. தட்டு வடிவப் பவளங்களில் மண் வழியாமல் தேங்கி, அடியில் உள்ள திசு மூச்சுமுட்டிச் செத்துவிடும். உருண்டையாக வளரும் பொரைட்டிஸ் இனம் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளர்கிறது. இன்று போவது உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திரும்பாது.

எனவே தோண்டாமல் முடியுமா என்று முதலில் பாருங்கள். மிகத் தாழ்ந்த ஓதத்தின்போது இருக்கும் ஆழத்தை அடிப்படையாக வைத்துக் கரையோரம் முழுவதையும் அளக்க வேண்டும். கணக்கு இப்படி: எஞ்சினை இறக்கிய நிலையில் படகு நீருக்குள் 0.9 மீட்டர் இறங்குகிறது, அலைப்பள்ளத்துக்கு 0.4 மீட்டர், எஞ்சின் விசிறி தள்ளும் நீரின் வீச்சு தரையைக் கிளப்பாமல் இருக்க இன்னும் 1 மீட்டர். மொத்தம் 2.3 மீட்டர். அந்த ஆழம் கரையிலிருந்து 80 மீட்டரில் இயற்கையாகவே கிடைத்தால் ஜெட்டியை அதுவரை நீட்டிவிடுங்கள். கடலைத் தோண்டிப் படகைக் கரைக்குக் கொண்டுவருவதைவிட, தூண்கள் மேல் நடந்து படகிடம் போவது நல்லது. கல் கொட்டிய திடச்சுவர் மட்டும் வேண்டாம். அது மணலோட்டத்தை மறித்து ஒருபுறம் மேடும் மறுபுறம் அரிப்புமாக ஆக்கும். அடியில் கடல்புல் இருந்தால் ஜெட்டியின் மேல்தளம் பலகையாக இல்லாமல் கிராதியாக இருக்கட்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கான வழிகாட்டுதல் குறைந்தது 43% திறப்பு கேட்கிறது.

இடத்தை முடிவுசெய்யும் முன், ஏறு ஓதத்திலும் இறங்கு ஓதத்திலும் அங்கிருந்து நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆரஞ்சுப் பழங்களை வீசிப் பின்தொடர்ந்தாலே தெரியும். பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் அவற்றைக் காற்று அதிகம் தள்ளாது. பழம் திட்டை நோக்கிப் போனால் கலங்கலும் எண்ணெயும் அங்கேதான் போகும்.

தோண்டியே ஆக வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நீரோட்டம் விநாடிக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் வேலை நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த வேகத்தில் திரை பாய்மரம்போல் புடைத்து மேலே எழும்பி, அடியில் சேறு தப்பிவிடும். பவளம் முட்டையிடும் நாட்களிலும் வேலை கூடாது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் அது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பௌர்ணமிகளை அடுத்த சில இரவுகள். கடலுக்குக் கடல் இது மாறும், உங்கள் பகுதிக் காலத்தைக் கேட்டறியுங்கள்.

சறுக்குதளத்துக்கு 12 முதல் 15% சரிவு சரியாக இருக்கும். இங்கே வழக்கமாக நடக்கும் சேதம் ஒன்று உண்டு. படகை டிரெய்லரில் ஏற்ற எஞ்சினை முடுக்குவார்கள். அந்த வீச்சு கான்கிரீட்டின் அடிநுனியைக் குடைந்து குழியாக்கும், அள்ளிய மண் சற்றுத் தள்ளி மேடாகும். பிறகு குழியில் சக்கரம் விழும், மேட்டில் விசிறி இடிக்கும், மறுபடி தோண்டச் சொல்வார்கள். அடிநுனியைத் தாழ்ந்த ஓதமட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டராவது கொண்டுபோய், அதற்கப்பால் கல் பரப்பிவிடுங்கள். எஞ்சினை அணைத்து, டிரெய்லரில் உள்ள கயிறு சுற்றும் கருவியான வின்ச்சால் இழுத்தே ஏற்ற வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

கரையில் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், பெரிய சேதம் 900 மீட்டருக்கு அப்பால்தான் நடக்கும். இங்கிருந்து கிளம்பும் படகு திட்டில் போய் நங்கூரம் போடும். 10 மீட்டர் சங்கிலி தரையில் கிடந்து படகு ஒரு முழுச் சுற்றுத் திரும்பினால் 300 சதுர மீட்டருக்கு மேல் துடைத்துவிடும். கிளைப்பவளம் அதில் நொறுங்கும். ஆகவே படகுத்துறைக்கான நிதியிலேயே கட்டுமிதவைகளுக்கும் (நங்கூரம் போடாமல் படகைக் கட்டிவைக்கும் மிதவைகள்) பணம் ஒதுக்குங்கள், துறை திறக்கும் முன்பே அவை கடலில் இருக்க வேண்டும். 1980களில் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் உருவான முறை நம்பகமானது: உயிர்ப்பவளம் இல்லாத பாறையில் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியைச் சிமெண்டால் பதிப்பார்கள். அதிலிருந்து மேலே போவது தானே மிதக்கும் கயிறு, எனவே தரையில் உரசாது. மணல் தரையென்றால் திருகு நங்கூரம். கான்கிரீட் கட்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவது மலிவுதான், ஆனால் புயலில் அந்தக் கட்டியே திட்டின்மேல் உருளும்.

எத்தனை படகு திட்டுக்குப் போகும் என்பதை வாகன நிறுத்துமிடம் தீர்மானிக்கிறது. மிதவை 35 என்றால், ஜெட்டியில் கட்டும் 20 படகுகள் போக, டிரெய்லர் நிறுத்தம் 15 இடத்தை ஒட்டியே இருக்கட்டும். பிறகு விரிவாக்கலாம் என்று 60 இடம் போட்டுவிட்டால் விடுமுறை நாளில் எந்தக் காவலராலும் தடுக்க முடியாது.

எரிபொருள் நிலையத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்பதே எங்கள் கருத்து. சிறு படகுகளுக்கு அது கட்டாயத் தேவை அல்ல. கழிவுநீரை உறிஞ்சி எடுக்கும் பம்பைக் கட்டாயம் வையுங்கள். கப்பல் கழிவுநீருக்கான சர்வதேச மார்போல் விதிகள் மொத்தக் கொள்ளளவு (gross tonnage) 400-க்குக் குறையாத அல்லது 15 பேருக்கு மேல் ஏற்றும் கலங்களையே கட்டுப்படுத்துகின்றன. உங்கள் படகுகள் பெரும்பாலும் அதில் வராது, எனவே துறைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். படகு கழுவும் மேடை கடலுக்கு வடியாமல் தொட்டிக்கு வடிய வேண்டும். படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசும் அடிப்பூச்சில், டி.பி.டி. என்ற நச்சு வெள்ளீயச் சேர்மம் கலந்த வகை 2008 முதல் உலகளவில் தடைசெய்யப்பட்டாலும், இன்றைய பூச்சுகளிலுள்ள செம்பும் பவளத்தின் கருவுறுதலைக் கெடுக்கும்.

கலங்கல்மானிகளைத் திட்டிலும், பாதிப்பு எட்டாத வேறொரு திட்டிலும் இப்போதே இறக்குங்கள். எல்லாப் பருவங்களும் அடங்கிய ஓராண்டுப் பதிவு கையில் இல்லாமல், பின்னால் கலங்கல் வந்தால் அது மழையாலா கட்டுமானத்தாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பந்ததாரரின் வேலையை நிறுத்தும் அளவையும் அந்தப் பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.